பொழுதற்ற நிலம்: இரு திரைப்படங்களும் பழைய பில்லியர்ட்ஸ் கூடங்களும்

திரைப்படம் எடுக்கப்பெற்ற இடங்களைத் தேடிச் சென்று காண்பது இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு வழக்கமாகும். அரண்மனை, மலைவாழிடம், தொடர்வண்டி நிலையம் முதலியவற்றை நாடிச் செல்வோரே மிகுதி. பழைய பில்லியர்ட்ஸ் கூடங்களைத் தேடிச் செல்வோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராக நாம் ஆனது தற்செயலே. அத்தேடலுக்குக் காரணமாக அமைந்த பிழை ஒன்றும், அப்பிழையின் வழியே கற்றுக்கொண்டதும் இலக்கியம் கற்பிப்போர்க்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தில் இக்கட்டுரை எழுதப்பெறுகின்றது. அமெரிக்கப் படங்களான ‘தி ஹஸ்லர்’ (1961), ‘தி கலர் ஆஃப் மணி’ (1986) ஆகிய இரண்டும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பெறுகின்றன.

பொருளுக்குள் புகுமுன் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஆறு பைகள் கொண்ட மேசையில், கோலால் வெள்ளைப் பந்தை உந்திப் பிற பந்துகளைப் பைகளில் வீழ்த்தும் ஆட்டத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் எளிய பெயர், பந்தயப் பணத்தைப் பொதுவில் திரட்டுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாகும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்திற்குப் பணம் கட்டும் கூடங்கள் இருந்தன. ஓர் ஓட்டத்திற்கும் அடுத்த ஓட்டத்திற்கும் இடையே வந்தவர்கள் பொழுதுபோக்குவதற்காக அங்கே பில்லியர்ட்ஸ் மேசைகள் இடப்பெற்றன. நாளடைவில் பந்தயக் கூடத்தின் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று. கூடத்தின் இழிபெயரும் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அதனைக் கழுவும் பொருட்டே இத்தொழிலில் ஈடுபட்டோர் ‘பாக்கெட் பில்லியர்ட்ஸ்’ என்னும் பெயரைப் பரப்ப முனைந்தனர். தம் கூடங்களுக்கு ‘அகாடமி’, ‘பார்லர்’ எனவும் பெயரிட்டுக்கொண்டனர். அந்த எளிய ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் பெயர்த்தால் நேரும் இடர்ப்பாட்டைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆதலின் இடக்கரடக்கல் கருதி, இக்கட்டுரை முழுதும் பில்லியர்ட்ஸ் என்றே வழங்குவோம்.

இவ்வாட்டக் குடும்பம் நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. நம் நகரங்களில் பரவலாகக் காணப்படும் ஸ்னூக்கர், 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலப் படையதிகாரி நெவில் சேம்பர்லின் என்பவரால் தொடங்கப்பெற்று, 1882இல் உதகமண்டலத்து ஊட்டி கிளப்பில் விதிமுறை பெற்றது என்பர். மேன்மக்கள் மன்றத்தில் விதி பெற்ற அதே ஆட்டம் கடைவீதி மாடியில் ஆடப்பெறும்போது ஐயத்திற்குரியதாகிவிடுகின்றது. பள்ளி நேரத்தில் மாணவன் ஒருவன் அங்குக் காணப்பட்டான் என்றால் அச்செய்தி நம் ஆசிரியர் அறையில் எவ்வாறு பேசப்படும் என்பதை நாம் அறிவோம்.

பிழை நேர்ந்த விதம்

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், நாவலும் திரைப்படமும் பற்றிய பாடமொன்றில் துணையாசிரியராகப் பணியாற்றினோம். வால்டர் டெவிஸ் 1959இல் வெளியிட்ட ‘தி ஹஸ்லர்’ நாவல் பாடநூல்களுள் ஒன்று. ஹஸ்லர் என்பவன் தன் திறனை மறைத்து, எளிய ஆட்டக்காரனைப் போல் நடித்து, எதிரியின் பந்தயப் பணத்தைக் கவர்பவன். எடி ஃபெல்சன் என்னும் அத்தகைய இளைஞன், நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரராகிய மின்னசோட்டா ஃபேட்ஸை வெல்லப் புறப்பட்டு வருவதே கதை. நாவலில் அவர்கள் மோதும் கூடம் சிகாகோவில் உள்ள பென்னிங்டன். ஆதலின், படத்தில் காணும் கூடமும் சிகாகோவினதே என்று வகுப்பில் உறுதியாகக் கூறினோம். அந்நகரின் தொழிலாளர் வாழ்வு அச்சுவர்களில் படிந்திருப்பதாக விளக்கவும் செய்தோம். பின்வரிசையில் இருந்த நியூயார்க் மாணவர் ஒருவர் எழுந்து, படத்தில் வரும் கூடத்தின் பெயர் ஏம்ஸ் என்றும், அஃது உண்மையாகவே நியூயார்க்கில் இருந்த ஒரு கூடம் என்றும், தம் பாட்டனார் அங்குச் சென்றதுண்டு என்றும் பணிவாகக் கூறினார். அன்று நாம் காட்டிய சிகாகோச் சுவர்கள் வேறொரு நகரத்தின் சுவர்கள்!

இப்பிழை வெறும் தகவற்பிழை அன்று. நாவலின் நிலத்தைப் படத்தின் நிலமாகவும், படத்தின் நிலத்தை வரலாற்றின் நிலமாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் படித்ததே அதன் வேர். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று மாணவர்க்கு ஓயாது கற்பிக்கும் மரபிலிருந்து வந்த நாம், நிலத்தைச் சரிபாராமலேயே கருப்பொருளுக்கும் உரிப்பொருளுக்கும் தாவிவிட்டோம். அந்நாணமே எம்மை அக்கூடங்களைத் தேடிச் செல்லத் தூண்டியது.

ஏம்ஸ்

‘தி ஹஸ்லர்’ படத்தை இயக்கிய ராபர்ட் ராசன், இளமையில் தாமே இவ்வாட்டத்தில் பந்தயம் வைத்து ஆடியவர். இதைப் பற்றி ஒரு நாடகம் எழுதவும் முயன்றவர். படப்பிடிப்புக்கு அவர் ஒளிநிறைந்த அரங்கமைப்புகளை நாடவில்லை. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தை அடுத்த பகுதியில் இயங்கிவந்த ஏம்ஸ், மெக்கர் என்னும் இரு கூடங்களில் கேமராவை நிறுத்தினார். தெருவில் கண்ட முரட்டு ஆள்களையே துணை நடிகர்களாகவும் சேர்த்துக்கொண்டார். 1941 முதல் 1957 வரையிலான காலத்தில் 15 முறை உலக வாகையராக விளங்கிய வில்லி மோஸ்கோனி ஆட்ட ஆலோசகராக இருந்து, அதுவரை கோலைத் தொட்டறியாத பால் நியூமனுக்குப் பயிற்சியளித்தார். பந்தயப் பணத்தைக் காக்கும் நடுவராகப் படத்திலும் தலைகாட்டினார். மின்னசோட்டா ஃபேட்ஸாக நடித்த ஜாக்கி கிளீசனோ முன்னரே தேர்ந்த ஆட்டக்காரர்.

ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்ற இப்படம் இரண்டில் வென்றது. ஒன்று யூஜென் ஷுஃப்டானின் கறுப்புவெள்ளை ஒளிப்பதிவுக்கு. மற்றொன்று ஹாரி ஹார்னர், ஜீன் கேலஹன் ஆகியோரின் கலை இயக்கத்திற்கு. நடிப்புக்கும் கதைக்கும் கிடைக்காத பரிசு, இடத்தைக் காட்டியவர்க்கும் இடத்தை அமைத்தவர்க்கும் கிடைத்தது என்பது நோக்கத்தக்கது. கூடங்களில் உள்ள பெரிய மேசை 9 அடி நீளமும் அதிற்பாதி அகலமும் உடையது. சினிமாஸ்கோப் திரையின் விகிதம் 2.35க்கு 1. தாழ்ந்த கூரை, நீண்ட மேசை, மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு ஆகிய மூன்றும் படுக்கைவாட்டில் நீண்டு, அகன்ற திரையை இயல்பாக நிரப்பிவிடுகின்றன. வேறெந்த அறையும் அத்திரைக்கு இத்துணைப் பொருந்துமா என்பது ஐயமே.

எடியும் அவன் தோழனும் ஏம்ஸில் முதன்முதலாக அடியெடுத்து வைக்கும் காட்சி, இடம் காணச் செல்வோர் யாவரும் பார்க்கவேண்டிய காட்சியாகும். இருவரும் குரல் தாழ்த்தி, சுற்றிலும் நோக்கியவாறு வருகின்றனர். ஒருவனுக்கு அவ்விடம் தேவாலயமாகத் தோன்றுகின்றது. மற்றவனுக்குப் பிணவறையாகத் தோன்றுகின்றது. மதுவுண்டா என்று கேட்கும் எடிக்கு, இங்கு ஆட்டம் தவிர வேறொன்றும் இல்லை என்னும் பொருளில் விடை கிடைக்கின்றது. புகழ்பெற்ற இடத்தைக் காணவந்த பயணியின் நடையே அவர்களது நடை. அவ்வகையில், கூடத்தைக் காணச் சென்ற முதற்பயணி எடியே எனலாம்.

அதன்பின் ஒருநாள் பொழுதுக்கும் மேலாக நீளும் ஆட்டம் தொடங்குகின்றது. அதன் நடுவே ஒரு சிறு நிகழ்ச்சி. விடிந்துவிட்டது என்று ஒருவர் சாளர மறைப்பை விலக்க, வெயில் உள்ளே பாய்கின்றது. எடி எரிச்சலுற்று அதனை மூடச் சொல்லுகின்றான். பலமுறை பார்த்தும் நாம் பொருட்படுத்தாது விட்ட காட்சி இது. முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாக்கிக் கற்பிக்கும் நமக்கு, இக்கூடம் ஒரு புதிர். இங்கு நிலம் உண்டு, பொழுது இல்லை. பொழுதை வெளியே நிறுத்துவதற்கென்றே கட்டப்பெற்ற நிலம் இது. வெயில் நுழைந்த கணத்தில் ஆட்டம் குலைகின்றது. களைப்பும் பசியும் இழப்பும் அப்போதுதான் தெரிகின்றன.

இதற்கு ஆட்டத்தின் இயல்பும் ஒரு காரணம். அக்காலத்தில் தலைமையாட்டமாகக் கருதப்பட்டது 14.1 எனக் குறியிட்டு வழங்கும் ஆட்டமாகும். 15 பந்துகளில் எதனையும் எந்தப் பையில் இடப்போகின்றோம் என்று முன்கூட்டியே சொல்லி வீழ்த்தலாம். ஒரு பந்துக்கு ஒரு புள்ளி. பதினான்கு வீழ்ந்ததும் அவை மீண்டும் அடுக்கப்பெறும். எஞ்சிய ஒன்றிலிருந்து ஆட்டம் தொடரும். தவறாதவரை ஒருவரே ஆடிக்கொண்டிருக்கலாம். எதிரி நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மோஸ்கோனி 1954இல் ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் தொடர்ந்து 526 பந்துகளை வீழ்த்தினார். இத்தகைய ஆட்டம் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது.

நியூயார்க்கிற்கு நாம் சென்றது ஆய்வேட்டின் தொடர்பில். நூலகப் பணி முடிந்த மறுநாள், படத்தின் நிழற்படம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு 44ஆம் தெருவிலும் எட்டாம் அவென்யூவிலும் நடந்தோம். ஏம்ஸும் இல்லை, மெக்கரும் இல்லை. நாடக அரங்குகள், உணவகங்கள், பயணிகளின் பெருங்கூட்டம் ஆகியவையே இருந்தன. கையிலிருந்த படத்தை எந்தச் சுவரோடும் பொருத்திப் பார்க்க இயலவில்லை. காணவேண்டியது எதுவும் இல்லாத இடத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றிருந்தோம் என்பதைச் சற்றே கூச்சத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

சிகாகோ

எடி ஃபெல்சனின் கதை 25 ஆண்டுகளுக்குப் பின் தொடர்ந்தது. டெவிஸ் 1984இல் ‘தி கலர் ஆஃப் மணி’ நாவலை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே மறைந்தார். மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கிய படத்திற்கு ரிச்சர்ட் பிரைஸ் எழுதிய கதை, நாவலின் தலைப்பையும் நாயகனையும் ஏற்றுக்கொண்டு பிறவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. நியூமன் மீண்டும் எடியாக நடித்து, முதற்படத்தில் கிட்டாத சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை இப்போது பெற்றார். மது விற்பனையாளராகிவிட்ட எடி, டாம் க்ரூஸ் நடித்த வின்சென்ட் என்னும் இளைஞனைக் கண்டெடுத்து, அட்லாண்டிக் சிட்டிப் போட்டிக்கு முன் ஊர் ஊராக அழைத்துச் செல்கின்றார்.

இங்கு ஆட்டமே மாறிவிட்டது. ஒன்பது பந்து ஆட்டத்தில் மேசையிலுள்ள மிகச் சிறிய எண் கொண்ட பந்தையே முதலில் தொடவேண்டும். ஒன்பதாம் பந்தை வீழ்த்தியவர் வென்றவர். சில நிமிடங்களில் ஓர் ஆட்டம் முடிந்து, பணம் கைமாறிவிடும். ஆட்டம் விரைவுற்றதும் நிலமும் சிதறுகின்றது. முதற்படத்திற்கு ஏம்ஸ் என்னும் ஒரு நிலம் உண்டு. இரண்டாம் படத்திற்கு நிலம் இல்லை. வழி மட்டுமே உண்டு. நடுவே நின்ற பாலைக்குத் தனிநிலம் கூறாது விட்ட தொல்காப்பியர் இங்கு நினைவுக்கு வருகின்றார்.

ஆயின், திரையில் ஊர் ஊராக நீளும் அவ்வழி பெரும்பாலும் சிகாகோ நகருக்குள்ளும் அதன் புறத்தேயுமே படமாக்கப்பெற்றது. பெர்வின் என்னும் புறநகரிலுள்ள ஃபிட்ஸ்ஜெரால்ட்ஸ் இசை விடுதி ஒரு மதுக்கடையாக வருகின்றது. இதே விடுதி 1992இல் ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ படத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து நடன விடுதியாகவும் வேடமிட்டது. அட்லாண்டிக் சிட்டிப் போட்டி நடைபெறும் பெருமண்டபம், 1916இல் திறக்கப்பெற்ற சிகாகோ நேவி பியரில் உள்ளது. ஆக, நியூயார்க்கின் கூடத்தைச் சிகாகோ என்று கற்பித்த நாம், அட்லாண்டிக் சிட்டி என்று நம்பியதும் சிகாகோவே என்று பின்னர் அறிந்தோம். பிழைக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை இல்லை.

இப்படத்தில் இடம்பெற்ற கூடங்களுள் ஒன்று மில்வாக்கி அவென்யூவில் உள்ள கிரிஸ் பில்லியர்ட்ஸ். நாம் அங்குச் சென்றது 2009ஆம் ஆண்டு திசம்பரில், ஒரு வார நாளின் நண்பகலில். நீலத்தடத் தொடர்வண்டியில் ஜெஃபர்சன் பார்க் நிலையத்தில் இறங்கி, பனி மிதித்து நடந்தோம். தெருவிலிருந்து படியேறி மாடிக்குச் செல்லவேண்டும். பனியின் வெண்மை கண்ணைக் கூசச் செய்த தெருவிலிருந்து உள்ளே நுழைந்ததும், மேசைகளின்மேல் மட்டும் ஒளி விழும் ஒரு பேரறை. வெளியே நண்பகல், உள்ளே அந்தி. ஏம்ஸில் வெயிலை மூடச் சொன்ன எடியின் குரலுக்கு அப்போதுதான் முழுப்பொருள் கிட்டியது.

படத்திற்கும் கூடத்திற்கும் இடையே உடனே புலப்பட்ட வேறுபாடு புகை. இரு படங்களிலும் விளக்கொளிக்கு உருக்கொடுப்பது புகையே. இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2008 சனவரி முதல் பொதுவிடங்களுக்குள் புகைபிடித்தல் தடைசெய்யப்பெற்றது. நாம் கண்ட ஒளி தெளிந்த ஒளி. கேமரா கண்ட ஒளி அன்று. இத்தடை நன்மையே என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும், இடம் அப்படியே இருந்தும் காட்சி மறைந்துவிடலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

சுவரோரம் இருந்த நாற்காலிகளில் முதியவர்கள் நால்வர் அமர்ந்திருந்தனர். எவர் கையிலும் கோல் இல்லை. அவர்களுள் ஒருவர் நாம் ஏன் வந்தோம் என்பதைக் கேட்டறிந்து சிரித்தார். அவரைப் போன்றோர்க்கு எம்மைப் போன்றோர் புதியவர் அல்லர் போலும். படம் எப்படி என்று கேட்டோம். “அதில் எல்லாரும் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் இங்கு உட்காருவதற்காக வருகிறோம்” என்றார். வீட்டில் யாருமில்லை என்றும், மனைவி மறைந்து ஆண்டுகள் பல ஆயின என்றும், காலையில் இங்கு வந்தால் மாலை ஆகிவிடும் என்றும் சொன்னார். திரையில் உட்கார்ந்திருப்பவன் முறை இழந்தவன். அவன் முகத்தில் தோல்வியையே கேமரா தேடுகின்றது. இம்முதியவரின் அமர்வில் தோல்வி ஏதும் இல்லை. அவர் எந்த ஆட்டத்திலும் இல்லை.

நெட் போல்ஸ்கி என்னும் சமூகவியலாளர் 1967இல் வெளியிட்ட ‘ஹஸ்லர்ஸ், பீட்ஸ் அண்ட் அதர்ஸ்’ என்னும் நூல் இங்குக் கருதத்தக்கது. தாமும் ஓர் ஆட்டக்காரராகிய அவர், பில்லியர்ட்ஸ் கூடத்தின் செழிப்புக்கு ஆட்டத்தின் கவர்ச்சி காரணமன்று என்று வாதிட்டார். அவர் கருத்துப்படி, மணமாகாமலேயே வாழ்ந்த பெருந்தொகையான ஆடவர்களே அக்கூடங்களின் அடித்தளம். மணம் புரிவோர் தொகை பெருகி, மணவயதும் குறைந்தபோது அவ்வடித்தளம் சரிந்தது, கூடங்களும் சரிந்தன. ‘தி ஹஸ்லர்’ வெளிவந்தபின் ஆட்டத்திற்குப் புதிய விருப்பம் பிறந்தது. 1986க்குப் பின்னும் அவ்வாறே. புதிய கூடங்கள் ஒளியோடும் உணவோடும் குடும்பங்களை வரவேற்றுத் திறக்கப்பெற்றன. ஆனால், படம் எந்தக் கூடத்தைக் கண்டு மயங்கச் செய்ததோ அந்தக் கூடம் அம்மயக்கத்தால் பிழைக்கவில்லை. ஏம்ஸின் புகழ் உலகெங்கும் பரவியது, ஏம்ஸ் மறைந்தது.

போல்ஸ்கியின் கருத்தை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. நிலவாடகையும் தொலைக்காட்சியும், நாணயம் இட்டு ஆடும் சிறு மேசைகள் மதுக்கடைகளில் புகுந்ததும் அச்சரிவில் பங்கு கொண்டிருக்கவேண்டும். எனினும், சிகாகோவில் கண்ட அம்முதியவரை நினைக்குந்தோறும் அவருடைய வாதத்தின் நடுப்பகுதி உண்மை என்றே தோன்றுகின்றது. கூடம் என்பது ஆடுவோர்க்குரியது என்பதைவிடப் போக்கிடம் அற்றோர்க்குரியது. திரைப்படம் முன்னதைப் பதிவு செய்தது. பின்னதைப் பதிவு செய்ய அதற்கு நேரமில்லை; ஒன்றும் நிகழாத பொழுதைத் திரை தாங்காது.

படம் நனவில் புகுந்த விந்தைக்கும் ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். ருடால்ஃப் வாண்டரோன் என்னும் ஆட்டக்காரர், படம் வெளிவந்தபின் மின்னசோட்டா ஃபேட்ஸ் தாமே என்று கூறி, அப்பெயரையே சூடிக்கொண்டார். அப்பாத்திரம் தம் கற்பனையே என்று டெவிஸ் மறுத்தும் பயனில்லை. 1978இல் அவரும் மோஸ்கோனியும் தொலைக்காட்சியில் மோதியபோது கண்ட மக்களுக்கு அவர் மின்னசோட்டா ஃபேட்ஸாகவே தோன்றினார். ஆளுக்குப் படத்தின் பெயர் கிடைத்தது. ஏம்ஸுக்கோ பெயர் மட்டும் படத்தில் தங்கி, இடம் போயிற்று.

இத்தகைய படங்களைப் பாடமாக வைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கலாம். நூல் கூறும் இடம், படம் கூறும் இடம், படம் எடுக்கப்பெற்ற இடம் என மூன்று கட்டங்கள் வரைந்து, மாணவர்களையே நிரப்பச் செய்யலாம். மூன்றும் வேறுபடும் இடத்தில் வகுப்பு விழித்துக்கொள்ளும். எம் வகுப்பில் இப்பயிற்சியை நடத்தும்போது ‘தி ஹஸ்லர்’ வரிசையை நாமே கரும்பலகையில் நிரப்பி, பழைய பிழையையும் சொல்லிவிடுவது வழக்கம்.

அன்று கிரிஸ் பில்லியர்ட்ஸில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து நாமும் ஆடிப்பார்த்தோம். பந்துகள் பைகளுக்குச் செல்ல மறுத்தன. முதியவர் நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருவரும் சிரிக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. சிறிது நேரமே ஆடியதாக எண்ணி, கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினோம். தெருவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கைக்கடிகாரம் ஐந்து மணியைக் காட்டிற்று.